‘அப்புறம் போட்டுக்கலாம்’: கொரோனா காலத்தில் வேலூர்ப் பக்கத்துப் பெற்றோரும் குழந்தைத் தடுப்பூசியும்

புதன்கிழமை காலை தடுப்பூசி போடக் கிளம்பும் கிராம சுகாதார செவிலியரின் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அன்றைக்கு ஊசி போட வேண்டிய குழந்தையின் பெயர், பிறந்த தேதி, எந்தத் தவணை என்று வரிசையாக எழுதியிருக்கும். ‘டியூ லிஸ்ட்’ என்பார்கள். அதன் கடைசிக் கட்டம் வராத குழந்தைகளுக்கானது. ஏன் வரவில்லை என்பதை அதில் எழுத வேண்டும். குடியாத்தமோ பேரணாம்பட்டோ அணைக்கட்டோ, அந்தக் கட்டத்தில் ‘வேணாம்னுட்டாங்க’ என்று எழுத வேண்டிய வீடுகள் சொற்பம். ‘சளி புடிச்சிருக்கு, அப்புறம்’, ‘தாய்வீட்டுக்குப் போயிருக்காங்க’, ‘அவர் வரட்டும், கேட்டுட்டு’, ‘போன தடவை ராத்திரியெல்லாம் அழுதுச்சு’ என்பவைதான் வழக்கமான பதில்கள்.

கொரோனா வந்தபோது இந்த ‘அப்புறம்’ நீண்டுபோனது. மூன்று வாரத் தள்ளிப்போடல் ஐந்து மாதமானது. அதைப் பார்த்துவிட்டு ‘பெற்றோருக்குத் தடுப்பூசி மீது நம்பிக்கை போய்விட்டது’ என்று பலர் எழுதினார்கள். கைக்குழந்தைகளின் வழக்கமான ஊசியைத் தள்ளிப்போட்டது ஒரு கதை. பள்ளிப் பிள்ளைகளுக்கான கொரோனா ஊசியைப் பற்றிய தயக்கம் வேறு கதை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் கணக்கு தப்பும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2014இல் தயக்கத்துக்கான காரணங்களை மூன்றாகப் பிரித்தது: ஊசியின் மீதும் அதைப் போடுபவர் மீதும் உள்ள நம்பிக்கை, அந்த நோய் நமக்கு வராது என்ற மெத்தனம், ஊசி எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்ற வசதி. வேலூர்ப் பக்கத்தில் 2020இல் முதலில் உடைந்தது மூன்றாவதுதான்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு ஊசி புதிதில்லை. ஒரே நேரத்தில் ஊர் முழுக்கச் சொட்டு மருந்து கொடுத்தால் போலியோ கிருமிக்குப் போக இடமிருக்காது என்பதை, சி.எம்.சி. எனப்படும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜானும் அவர் குழுவினரும் 1980களின் தொடக்கத்திலேயே வேலூர் நகரத்தில் செய்து பார்த்தார்கள். நம் குழந்தைகளுக்கு மூன்று தவணை சொட்டு மருந்து போதவில்லை என்பதும் இங்கே நடந்த ஆய்வுகளில் தெரிந்ததுதான். ‘பல்ஸ் போலியோ’ நாடு தழுவிய திட்டமாக வந்தது 1995இல். அரசுத் திட்டத்தில் இப்போது வயிற்றுப்போக்குக்கு எதிராகக் கொடுக்கப்படும் ரோட்டா சொட்டு மருந்துகளில் ஒன்றான ரோட்டாவேக், தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2014இல் வெளியாயின. ஆறு வாரக் குழந்தையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதித்த தாய்மார் இருக்கும் ஊர் இது. இங்கே ‘ஜனங்களுக்கு விவரம் பத்தல’ என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம்பிக்கை ஆடிய தருணங்களும் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட 4 கைக்குழந்தைகள் இறந்தன. அதன்பின் மாநில அரசு சில காலம் கிராமத்துக்குள் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எல்லோரையும் வரச் சொன்னது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனால் தெருமுனை அங்கன்வாடியில் பத்து நிமிடத்தில் முடிந்த வேலைக்கு, இரண்டு பஸ் மாறி அரை நாள் செலவழிக்க வேண்டியதாயிற்று. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, எல்லாத் தடுப்பூசிகளும் போட்டுக்கொண்ட 12–23 மாதக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005–06இல் சுமார் 81 சதவீதம். 2015–16இல் அது 70ஆக இறங்கி, 2019–21இல் 89க்கு ஏறியது. இறங்கியதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; ஆனாலும் தூரம் கூடினால் ஊசி குறையும் என்பதை மறுப்பவர் யாரும் இல்லை.

அடுத்தது 2017 பிப்ரவரி. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி என்று அரசு அறிவித்ததும், வாட்ஸ்அப் குரல் பதிவுகள் பள்ளி வாசலுக்கு முன்பே வந்து நின்றன. ‘வெளிநாட்டு மருந்து’, ‘குழந்தை பிறக்காது’ என்ற பேச்சுகள். பள்ளிக்கூடம் கையெழுத்துக் கேட்டதும் ‘வேண்டாம்’ என்று எழுதி அனுப்பிய பெற்றோரில் பலர், தங்கள் குழந்தைக்கு 9 மாதத்தில் தட்டம்மை ஊசியை வாய் பேசாமல் போட்டுக்கொண்டவர்கள்தான். பழகிய நர்சம்மா கையால் போடுவதும், யாரென்றே தெரியாதவர்கள் பள்ளிக்கு வந்து மொத்தமாகப் போட்டுவிட்டுப் போவதும் அவர்களுக்கு ஒன்றாகத் தெரியவில்லை. 2022இல் இதே காட்சி திரும்ப வந்தது.

பஸ் நின்றது, மாவட்டம் பிரிந்தது

2019 நவம்பர் 28இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. நான்கே மாதத்தில் ஊரடங்கு. நேற்று வரை ஒரே மாவட்டமாக இருந்த ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவில் இப்போது எல்லை. மாவட்டம் தாண்ட வேண்டுமென்றால் இ-பாஸ். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். குழந்தை வாலாஜாவில் பாட்டி வீட்டில் இருக்கும், அப்பா வீடு காட்பாடியில் இருக்கும், தடுப்பூசி அட்டை அந்த வீட்டு பீரோவில் இருக்கும். பிறந்தவுடன் போடும் காசநோய்க்கான பி.சி.ஜி., மஞ்சள் காமாலை ஊசி, முதல் போலியோ சொட்டு ஆகியவை ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும். சிக்கல் ஆறாவது வாரத்தில். இந்த ஊர் பட்டியலில் ‘வெளியூர்’ என்றும், அந்த ஊர் பட்டியலில் பெயரே இல்லாமலும் குழந்தை நடுவில் விழுந்துவிடும். குடியாத்தம், காட்பாடிக்காரர்களுக்குச் சித்தூர்ப் பக்கம் சம்பந்தம் சகஜம். அங்கே நிலைமை இன்னும் மோசம்: 2020 ஏப்ரல் கடைசியில் ஆந்திர எல்லையில் சாலைக்குக் குறுக்கே சுவரே எழுப்பி, எதிர்ப்பு வந்ததும் இடித்தார்கள்.

தடுப்பூசிப் பணியும் அப்போது வழக்கம்போல் நடக்கவில்லை. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி கட்டுப்பாட்டுப் பகுதியில் ஊருக்குள் போய் ஊசி போடக் கூடாது. பிறந்த குழந்தைக்கான ஊசி மட்டும் எங்கும் நிற்காது. தானாக ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது. இந்தக் கடைசி வரி பல தாய்மார் காதுக்கு எட்டவே இல்லை. ‘ஊசி போடறத நிறுத்திட்டாங்களாம்’ என்பது மட்டும்தான் எட்டியது.

இன்னொரு பயமும் இருந்தது. அதற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை. குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் ஆஸ்பத்திரியில் மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்று வந்தால் வாசலில் ஸ்டிக்கர், தெருவுக்குத் தகரம். வீட்டில் யாரும் வேலைக்குப் போக முடியாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ஆயா (பாட்டி), ‘சளி போகட்டும், அடுத்த மாசம் பாக்கலாம்’ என்றால் அதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. உண்மையில் சாதாரணச் சளி, லேசான வயிற்றுப்போக்கு, குறைந்த எடை, ஆன்டிபயாடிக் சாப்பிடுவது எதுவுமே ஊசியைத் தள்ளிப்போடக் காரணமில்லை. கடுங்காய்ச்சலோடு அட்மிட் ஆகும் நிலை, போன தவணையில் வந்த கடுமையான ஒவ்வாமை போன்றவைதான் காரணம்.

இதெல்லாம் சேர்ந்து உலகெங்கும் என்ன செய்தது? தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் மூன்றுக்கும் எதிரான முத்தடுப்பு ஊசியின் மூன்றாம் தவணையை முடித்த குழந்தைகள் 2019இல் 86 சதவீதம். 2021இல் 81. அந்த ஒரு வருடத்தில் 2.5 கோடிக் குழந்தைகள் ஒரு தவணையாவது தவறவிட்டார்கள். தட்டம்மை பொறுத்திருக்காது, ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றக்கூடியது, ஊரில் 95 சதவீதம் பேருக்கு இரண்டு தவணையும் இருந்தால்தான் அடங்கும். 2022 கடைசியில் மும்பை கோவண்டியில் அது வெடித்தது, விடுபட்டவர்கள் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டதால்தான்.

காய்ச்சல் ராத்திரி

பெற்றோர் மனநிலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வதந்தியைப் பற்றி நிறையப் பேசுவார்கள். காய்ச்சலைப் பற்றிப் பேசுவதில்லை. ஆறாவது வாரத்தில் குழந்தைக்கு மூன்று ஊசி, இரண்டு சொட்டு மருந்து. இடது தொடையில் ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட் 0.5 மில்லி, வலது தொடையில் நிமோனியாவுக்கான பி.சி.வி. 0.5 மில்லி, வலது மேல் கையில் தோலுக்குள் போலியோ ஊசி 0.1 மில்லி, வாயில் போலியோ இரண்டு சொட்டு, ரோட்டா. பி.சி.வி. தமிழ்நாட்டுக்கு வந்ததே 2021 ஜூலையில். அதாவது கொரோனா பயம் உச்சத்தில் இருந்த வருடத்தில், மூத்த பிள்ளைக்கு இல்லாத ஓர் ஊசி இளையதுக்குக் கூடுதலாக வந்தது. ‘இது அந்த கொரோனா ஊசியா சிஸ்டர்?’ என்று கேட்டால், கேட்டவரைக் குறை சொல்ல முடியாது.

காய்ச்சல் வருவது பெண்டாவேலன்டில் உள்ள கக்குவான் இருமல் பாகத்தால். அதில் இருப்பது கொல்லப்பட்ட முழுக் கிருமி; உடம்பு அதை எதிர்த்துப் பழகும்போது சுடும். தனியார் ஆஸ்பத்திரியில் ‘வலியில்லா ஊசி’ என்று விற்பதில் கிருமியின் சில துண்டுகள் மட்டும் இருப்பதால் காய்ச்சல் குறைவு, விலை அதிகம், அது தரும் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. கூட்டத்துக்குப் பயந்து 2020இல் தனியார் மருத்துவரிடம் போன குடும்பங்களில் பல அங்கேயே நின்றுவிட்டன. அவர்களுடைய ஊசிக் கணக்கு அரசுப் பதிவில் ஏறவில்லை. பட்டியலில் ‘விடுபட்டது’ என்று நிற்கும் குழந்தைகளில் சிலர் உண்மையில் போட்டுக்கொண்டவர்கள்.

காய்ச்சல் ஏன் பெரிய விஷயம் என்பதற்குப் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பீடி சுற்றும் வீட்டைப் பார்த்தால் போதும். கூலி ஆயிரம் பீடிக் கணக்கில். இலை நனைத்தாகிவிட்டது, நாளைக்கு ஏஜென்டிடம் கட்டு போக வேண்டும். இன்று ஊசி என்றால் ராத்திரி முழுக்கக் குழந்தை மடியில்; நாளைக்குப் பாதிக் கட்டுதான். ஊசி இலவசம் என்பது சுகாதாரத் துறையின் கணக்கு. பீடி சுற்றும் தாய்க்கு அதன் விலை ஒன்றரை நாள் கூலி. ஊரடங்கில் ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிகள் மூடி வீட்டுக்காரருக்கும் சம்பளம் இல்லாதபோது, அந்த விலை இன்னும் ஏறியது.

இதற்கு அறிவுரையால் பயனில்லை. அளவு சொல்லிக் கொடுப்பதில்தான் பயன். பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆறு மணி நேர இடைவெளி. ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. காய்ச்சல் வந்தபின் கொடுத்தால் போதும், முன்கூட்டியே வேண்டாம். 4 கிலோ குழந்தைக்கு 60 மில்லிகிராம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 2.4 மில்லி. 1 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள டிராப்ஸ் என்றால் 0.6 மில்லிதான். வீட்டில் தவறு நடப்பது இங்கேதான்: சிரப்புக்குச் சொன்ன அளவை டிராப்ஸ் பாட்டிலிலிருந்து எடுத்தால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். மருந்துக் கடையில் எதைக் கொடுப்பார்களோ தெரியாது. அதனால் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, அதனுடன் வந்த மூடியிலோ சொட்டுக்குழலிலோ கோடு காட்டி அனுப்புவதுதான் நல்லது. ஊசி போட்ட இடத்தில் மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், ஈரத்துணி போதும். இரண்டு நாளைத் தாண்டிய காய்ச்சல், மூன்று மணி நேரம் விடாத அழுகை, பால் குடிக்க மறுப்பது, வலிப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. தட்டம்மை–ரூபெல்லா ஊசியில் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் லேசான காய்ச்சலும் பொரியும் வரலாம். இதை முன்பே சொல்லாவிட்டால் ஒரு வாரம் கழித்து வரும் பொரியைப் பார்த்து ‘அம்மா இறங்கியிருக்கா’ என்று வேப்பிலை கட்டிவிடுவார்கள். அடுத்த தவணைக்கு அந்த வீட்டுக் கதவு திறக்காது.

ஊசி போடும் பக்கத்திலும் ‘அப்புறம்’ உண்டு. அதை யாரும் தயக்கம் என்று எழுதுவதில்லை. தட்டம்மை–ரூபெல்லா மருந்து பொடியாக வரும், அதே கம்பெனியின் கரைப்பானில்தான் கலக்க வேண்டும், கலந்த நான்கு மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். பெண்டாவேலன்ட் குப்பியைப் போல் திறந்தபின் 28 நாள் வைத்திருக்க முடியாது. ஒரு குப்பியில் பல தவணை இருக்கும். வந்திருப்பதோ ஒரே குழந்தை. ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் விதி. ஆனால் ‘வீணடிப்பு ஏன் இவ்வளவு’ என்று மேலிருந்து கேள்வி வரும் என்ற பயத்தில் ‘அடுத்த புதன் வாம்மா’ என்று அனுப்பிவிடுவதுண்டு. பீஞ்சமந்தை மலையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தவள் அடுத்த புதன் வருவாளா என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

கொரோனா ஊசி: எழாத கேள்விக்குப் பதில்

இந்தியாவில் 2022 ஜனவரி 3 முதல் 15–18 வயதினருக்குக் கோவேக்சின். மார்ச் 16 முதல் 12–14 வயதினருக்குக் கோர்பிவேக்ஸ். இரண்டும் 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை. அதற்குக் கீழே உள்ள வயதினருக்கு 2022 ஏப்ரலில் அவசர அனுமதி கிடைத்தும் அரசுத் திட்டத்தில் சேர்க்கவில்லை. ஆகவே ஐந்து வயதுக் குழந்தைக்குக் கொரோனா ஊசி போடலாமா என்று வேலூரில் எந்தத் தாயும் உண்மையில் முடிவெடுக்க வேண்டி வரவில்லை. ‘வந்தால் போடுவீர்களா?’ என்று ஆய்வுக்காக வந்தவர்கள் வாசலில் நின்று கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள். வீடு தேடி வந்தவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று ‘போடுவோம்’ என்பவர்கள் உண்டு. வீட்டுக்காரர் பக்கத்தில் இருப்பதால் ‘வேண்டாம்’ என்பவர்களும் உண்டு. அப்படி வந்த சதவீதங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பார்க்க வேண்டும்.

ஆனாலும் அந்தப் பதில்களுக்குப் பின்னால் இருந்த கணக்கு நிஜம். பெரியவர்களுக்கு ஊசி போடும்போது ‘நோய் வந்தால் செத்துப்போவோம்’ என்பது ஒரு தட்டில் இருந்தது. குழந்தைகளுக்குக் கொரோனா பெரும்பாலும் இரண்டு நாள் காய்ச்சலோடு போவதை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அந்தத் தட்டு லேசானதும், ஊசியால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற தட்டு தாழ்ந்தது. தவிர, நோயால் ஏதாவது நடந்தால் அது விதி. நாம் கூட்டிக்கொண்டு போய்ப் போட்ட ஊசியால் நடந்தால் அது நம் கை. தாய்க்கு இரண்டாவதைத் தாங்குவது கடினம். அதிலும் ‘யார் கூட்டிட்டுப் போனது?’ என்று மாமியார் வீட்டில் கேட்கப்போவது அவளைத்தான்.

2021 ஏப்ரல் 15இல் நடிகர் விவேக் கோவேக்சின் போட்டுக்கொண்டு, 17இல் மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய நிபுணர் குழு சொன்னது அக்டோபரில். அந்த ஆறு மாத இடைவெளியில் தமிழ்நாட்டில் ஒவ்வொரு டீக்கடையும் ஒரு தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. 15–18 வயதுப் பிள்ளைகளுக்கு 2022இல் பள்ளிக்கூடத்தில் போட்டதும் அதே கோவேக்சின்தான். கூடவே, இதயத் தசை வீக்கம் பற்றி அமெரிக்காவிலிருந்து வந்த செய்திகள். அவை எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசியால் இளைஞர்களுக்கு அபூர்வமாக வந்தவை. இங்கே பிள்ளைகளுக்குப் போட்ட இரண்டும் அந்த வகையே இல்லை: கோவேக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ், கோர்பிவேக்ஸ் ஒரு புரதத் துண்டு. இந்த ஒரு வரியைத் தமிழிலும் உருதிலும் பள்ளி வாசலில் ஒட்டியிருந்தால் பாதிப் பேச்சு அடங்கியிருக்கும். ஒட்டியதோ ‘தயங்காதீர்!’ என்ற தட்டி.

கொரோனா ஊசி குழந்தைத் தடுப்பூசியை இன்னொரு விதத்திலும் தொட்டது. ஊசி போடும் கைகள் அதேதான். 2021 ஜனவரி 16இல் கொரோனா ஊசி தொடங்குவதற்காக 17ஆம் தேதி நடக்க வேண்டிய போலியோ முகாமை 31க்குத் தள்ளினார்கள். செப்டம்பரிலிருந்து கொரோனா ஊசிக்கான ஞாயிறு மெகா முகாம்கள். ஞாயிறு முழுக்க நின்ற செவிலியர் புதன்கிழமை பட்டியலோடு வீடு வீடாகப் போக வேண்டும். எத்தனை வீடு போக முடிந்திருக்கும்?

விட்டதைப் பிடிப்பது

தள்ளிப்போட்ட பெற்றோர் திரும்பி வரத் தயங்கியதற்கு ஒரு காரணம் வெட்கம். ‘இவ்வளவு நாள் எங்க போன?’ என்று பத்து பேர் முன்னால் கேட்பார்கள் என்ற பயம். இன்னொன்று, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போடுவார்கள் என்ற தவறான எண்ணம். அப்படி இல்லை. எவ்வளவு தாமதமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். அடுத்தடுத்த தவணைக்கு இடையில் குறைந்தது நான்கு வாரம். பெண்டாவேலன்ட், ரோட்டா, பி.சி.வி. மூன்றையும் ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கிவிட்டால் அதன்பின்னும் முடிக்கலாம். பெண்டா தொடங்காமலே ஒரு வயது தாண்டினால் முத்தடுப்பு ஊசி உண்டு, 7 வயது வரை. தட்டம்மை–ரூபெல்லாவும் போலியோ சொட்டும் 5 வயது வரை. அட்டை தொலைந்திருந்தால் கர்ப்பகாலத்தில் கொடுத்த ‘பிக்மி’ பதிவு எண் போதும். அதுவும் இல்லையென்றால் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிப் பெயரும் தேதியும். இடது கையில் பி.சி.ஜி. தழும்பு இல்லை என்பதற்காகத் திரும்பப் போட வேண்டியதில்லை.

பட்டியலின் அந்தக் கடைசிக் கட்டத்தில் ‘மறுப்பு’ என்று எழுதிவிட்டால், அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போவது மருத்துவ அலுவலர் வேலை, தாசில்தார் வேலை என்று ஆகிவிடும். ஜீப் போய் நிற்கும், தெருவே வேடிக்கை பார்க்கும், ‘அப்புறம்’ என்றவர் நிஜமாகவே ‘வேணாம்’ என்பார். ‘போன முறை காய்ச்சல், பீடிக் கட்டு வியாழன் போகுது, வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆயா வீட்டில் இருப்பார்’ என்று எழுதியிருந்தால், வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஒரு பாரசிட்டமால் பாட்டிலோடு செவிலியர் ஒருவரே போய்ப் பேசிவிட்டு வரலாம்.